காந்தத்தால் குளிர்விக்க முடியுமா?

கேள்வி: படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன், "காந்தத்தை வைத்தே மைனஸ் 273 டிகிரியை நெருங்கலாம்" என்கிறான். எங்கள் ஐஸ்பெட்டிக் கதவிலும்தான் காந்தம் இருக்கிறது, அது எதையும் குளிர்விப்பதாகத் தெரியவில்லையே? இதனால் யாருக்கு என்ன பயன், சார்?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: மகன் சொல்வது சரிதாம்மா. ஆனால் குளிர்வது காந்தம் இல்லை, அதன் நடுவே வைக்கிற உப்பு. அதுவும் காந்தப்புலத்தைக் குறைக்கும்போதுதான்.

பசாரில் கீரைக்கட்டோடு வருகிற ரப்பர் பேண்டில் தடிப்பான ஒன்றை எடுங்கள். சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, சூடு ஆறியதும் தளர்த்தி மறுபடி வையுங்கள், சில்லென்று படும். பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டித்தான் நான் பாடத்தையே தொடங்குவேன். இழுத்தால் ரப்பரின் இழைகள் ஒழுங்குக்கு வருகின்றன, விட்டால் கலைகின்றன. கலைவதற்கு வெப்பம் வேண்டுமே, அதை ரப்பர் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

கடோலினியம் சல்ஃபேட் என்ற உப்பிலும் இதே கதைதான். அதன் ஒவ்வொரு கடோலினிய அணுவும் ஒரு குட்டிக் காந்தம். வலுவான புலத்தில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், உப்பு சூடாகும். அந்தச் சூட்டைத் திரவ ஹீலியம் வாங்கிக்கொள்ளும். அப்புறம் ஹீலியத்தோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டு, புலத்தை மெல்லக் குறைப்பார்கள். அணுக்கள் பழையபடி கலையும். வெளியிலிருந்து வெப்பம் வர வழியில்லாததால் உப்பே குளிர்ந்துபோகும். டிபை, ஜியோக் என்ற விஞ்ஞானிகள் முறையே 1926இலும் 1927இலும் தனித்தனியே எழுதிய யோசனை இது. 1933இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜியோக்கும் மக்டூகலும் செய்தே காட்டினார்கள்: 0.25 கெல்வின்! (மகன் சொன்ன மைனஸ் 273 டிகிரிதான் கெல்வின் அளவில் பூஜ்யம்.) ஹீலியம் கொதிப்பதே 4.2 கெல்வினில். ஜியோக்குக்கு 1949இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த உப்புக்குள் இருக்கும் தண்ணீர். அவர்கள் எடுத்தது எட்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அந்த நீர்தான் கடோலினிய அணுக்களைத் தள்ளித் தள்ளி வைக்கிறது. நெருக்கமாக இருந்தால் அவை தாங்களாகவே ஒன்றையொன்று இழுத்து ஒழுங்காகிவிடும், அதற்குமேல் குளிர்விக்க ஒன்றும் மிஞ்சாது. காந்த அணுக்கள் இன்னும் விலகியிருக்கும் செரியம் மெக்னீசியம் நைட்ரேட் என்ற உப்பு, கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு வரை கொண்டுபோகும்.

நம் பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் கழிவாக ஒதுக்கிய அமாங் மணலிலும் கடோலினியம், செரியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்திருக்கின்றன. தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பயன் கேட்டீர்கள். 2023இல் ஜப்பான் அனுப்பிய எக்ஸ்ரிஸம் விண்கலத்தின் எக்ஸ்ரே கருவி 0.05 கெல்வினில் வேலை செய்கிறது. ஓர் எக்ஸ்ரே துகள் வந்து விழுந்தால் உண்டாகும் துளிச் சூட்டைக்கூட அளக்க அவ்வளவு குளிர் தேவை. அதற்கு உள்ளே வைத்திருக்கும் உப்புகளில் ஒன்று குரோமியம் பொட்டாசியம் படிகாரம். முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் தடவுவார்களே, அந்தப் படிகாரத்தில் அலுமினியம் இருக்கும் இடத்தில் இதில் குரோமியம்.