வீட்டுக்குப் பக்கத்தில் செல்போன் டவர் வந்தால் புற்றுநோய் வருமா?

மன்னார்குடிப் பக்கம், நாலு மனை தள்ளி டவர் வரப்போகிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர், நாகை பக்கம் டவர் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். குழந்தைக்காக நீங்கள் படும் கவலை எனக்குப் புரிகிறது.

டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே மாதிரி மரபணுவை நேரடியாக உடைக்கும் வலு அதற்குக் கிடையாது. உறுதியாகத் தெரிந்த பாதிப்பு சூடுதான். அதுவும் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றால். மேலே ஏறி ஆன்டெனா இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியின் முன்பக்கம் வேலை செய்ய வேண்டுமென்றால், அந்தத் திசைக்கான ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் போவோம். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். ஆன்டெனா தூரத்து வயல்வெளியைப் பார்த்து வீசுவதால், டவரின் காலடியில் விழுவது சொற்பம்.

2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலையை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற வரிசையில், வைத்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடிப்படை, செல்போனைக் காதில் வைத்து நிறையப் பேசியவர்களிடம் நடந்த ஆய்வுகள். 2012-ல் இந்திய அரசு டவர் கதிர்வீச்சுக்கான வரம்பை, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

போனில்தான் கவனம் வேண்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டிக்கொண்டு பேசும். அப்போது ஸ்பீக்கரில் போடுங்கள். குழந்தையின் தலைமாட்டில் போனை வைக்காதீர்கள். *#07# அழுத்தினால் உங்கள் போனின் எஸ்ஏஆர், அதாவது உடல் உறிஞ்சும் ரேடியோ அலையின் அளவு, தெரியும்; கிலோவுக்கு 1.6 வாட் தாண்டக் கூடாது.

அப்புறம், டவர் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் கேட்கும் புகார் ஜெனரேட்டர். கரண்ட் போனால் டீசல் புகையும் இரைச்சலும் நேரே ஜன்னலுக்குள் வரும். குழந்தைக்கு அந்தப் புகை நிச்சயம் கெடுதல். ஜெனரேட்டரை எங்கே வைக்கிறார்கள், புகைக்குழாய் எந்தப் பக்கம் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அஸ்திவாரத்தையும் கேளுங்கள், 2018 கஜா புயலில் டவர்கள் சாய்ந்ததை நம் பக்கம் எல்லோரும் பார்த்தோம்.

டவர் ஓடத் தொடங்கியபின்னும் சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் பணம் கட்டி, உங்கள் வீட்டருகே கதிர்வீச்சை அளக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.