பிலிப்பைன்ஸ்ல இருக்குற குடும்பத்துக்கு என்ன சின்ன பிசினஸ் வெச்சுக் குடுக்கலாம்? கேள்வி பதில்

நான் செபுல இருக்கேன், வைஃப் இந்த ஊர்தான். கல்ஃப்ல பிலிப்பினா பொண்ண கட்டின நம்ம ஆளுங்களும், கூட வேலை பாக்குற பிலிப்பினோ ஃப்ரெண்டுக்காக விசாரிக்கிறவங்களும் கேட்டது இதெல்லாம்.

மாமியார் சாரி சாரி ஸ்டோர் (வீட்டோட வைக்கிற பொட்டிக்கடை) போடணும்ங்கிறாங்க. ஓடுமா?
ஓடும், ஆனா அதே தெருவுல ஏற்கனவே எத்தனை இருக்குன்னு மொதல்ல எண்ணச் சொல்லுங்க. அங்க லாபமே சில்லறைலதான், ஒத்த சிகரெட், ஷாம்பு சாஷே, சின்ன பிளாஸ்டிக் கவர்ல முடிஞ்சு குடுக்குற எண்ணெய், வினிகர்னு. கடைய கவுக்குறது "ஊத்தாங்", அதாவது கடன். மருமகன் சவுதில இருக்கான் இவங்களுக்கு என்ன கொறைச்சல்னு சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு எல்லாம் நோட்ல எழுதச் சொல்லுவாங்க, மாசக் கடைசில அலமாரி காலி, நோட்டு மட்டும் ஃபுல்லா இருக்கும், அப்புறம் உங்களுக்குத்தான் ஃபோன் வரும் சரக்கு போட காசு அனுப்புன்னு. கூடவே ஜிகேஷ் (இங்க ஃபோன்ல பணம் அனுப்புற ஆப்) கேஷ் இன், கேஷ் அவுட், அதாவது அதுல காசு போட்டு, எடுத்துக் குடுக்குறதும் செய்யச் சொல்லுங்க, 1000 பீசோவுக்கு 10, 20 நிக்கும். அதுக்கு மட்டும் டப்பா தனியா இருக்கட்டும், அரிசி காசோட கலக்கக் கூடாது.

லைசன்ஸ என் பேர்ல எடுக்கலாமா ப்ரோ?
முடியாது. வெளிநாட்டுக்காரன் சில்லறை வியாபாரம் பண்ண 2.5 கோடி பீசோ முதல் காட்டணும், நிலமும் நம்ம பேர்ல வாங்க முடியாது. வைஃப் பேர்லயே இருக்கட்டும். லீவுக்கு போனா கவுண்டர்ல உக்காந்து முதலாளி வேலை காட்டாதீங்க, வெளிநாட்டுக்காரன் உள்ளூர் ஆள் பேர முன்னாடி வெச்சு தானே நடத்தக் கூடாதுன்னு ஆன்டி டம்மி சட்டம்னு ஒண்ணு இருக்கு.

என்னென்ன பேப்பர் வேணும்?
வர்த்தகத் துறை டிடிஐல கடை பேர் பதிவு (ஒரு பாரங்காய்க்குள்ள, அதாவது நம்ம வார்டு மாதிரி, மட்டும்னா 200 பீசோ, 5 வருஷத்துக்கு), அப்புறம் பாரங்காய் கிளியரன்ஸ், மேயர் பெர்மிட், கடைசியா டாக்ஸ் ஆபீஸ் பிஐஆர். பிஐஆர்ல வருஷா வருஷம் வாங்கிட்டு இருந்த 500 பீசோவ 2024ல எடுத்துட்டாங்க. நெறைய பேர் விட்டுடுறது பிஎம்பிஇங்கிற குறுந்தொழில் பதிவு. நிலம் போக சொத்து 30 லட்சம் பீசோவுக்குள்ளன்னா பதிவு பண்ணலாம், கடை வருமானத்துக்கு இன்கம் டாக்ஸ் கெடையாது. மேயர் பெர்மிட்ட ஜனவரி 20க்குள்ள ரென்யூ பண்ணிடுங்க.

பன்னி வளக்கலாமா?
நான் வேணாம்பேன். 2019ல ஆப்பிரிக்க பன்னிக்காய்ச்சல் உள்ள வந்ததுலேர்ந்து கொல்லைல நாலஞ்சு வளத்தவங்கதான் மொத்தமா இழந்தாங்க.

தண்ணி கேன் ரீஃபில்லிங் ஸ்டேஷன்?
மெஷினுக்கு முதல் ஜாஸ்தி, மாசாமாசம் தண்ணிய லேப்ல டெஸ்ட் பண்ணணும். டெலிவரிக்கு நம்பிக்கையான பையன் இருந்தா யோசிங்க.

லோன் கெடைக்குமா?
ஓவா (வெளிநாட்டுல வேலை பாக்குற பிலிப்பினோக்களுக்கான அரசு நல அமைப்பு) மெம்பரா இருந்தா லேண்ட் பேங்க் வழியா லோன் உண்டு, ட்ரெயினிங் முடிக்கணும், அடமானமும் கேப்பாங்க. ஃபைவ் சிக்ஸ்ங்கிற கந்து வட்டி பக்கம் மட்டும் போக வேணாம், அஞ்சு வாங்கி ஆறா கட்டணும். பைக்ல வந்து வசூல் பண்ற அந்த ஆளுங்கள இங்க "பும்பாய்"ம்பாங்க, பெரும்பாலும் பஞ்சாபிங்க. என்னைய பாத்தும் சில வீட்ல கதவ சாத்தியிருக்காங்க 😄

மச்சான் சும்மா இருக்கான், ட்ரைசைக்கிள் (பைக்கோட சைடு கார் வெச்ச வாடகை வண்டி) வாங்கிக் குடுக்கவா?
ஃப்ரான்சைஸ், அதாவது வாடகைக்கு ஓட்டுற பெர்மிட், முனிசிபாலிட்டி குடுக்கறது, பல ஊர்ல புதுசு குடுக்கறதே இல்ல. வண்டிய மட்டும் வாங்கி ஓட்டினா அது "கொலோரம்", அதாவது பெர்மிட் இல்லாத வண்டி, புடிச்சா ஃபைன். ஃப்ரான்சைஸோட விக்கிறவங்கள தேடச் சொல்லுங்க, பேர் மாத்தினப்புறம் மீதி காசு குடுங்க.