பெட்டியில் 1200, வீட்டில் 93

கடந்த சில வாரங்களில் வைஃபை ரவுட்டர் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் இருக்கிறது. 'எம்பிபிஎஸ்' என்று வருவது இன்டர்நெட் வேகத்தின் அளவு.

கேள்வி: வாடகை வீடு. ஒரு ஹால், இரண்டு அறை. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்ஷன். மூன்று போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி. கம்பெனி கொடுத்த மோடத்தில் உள் அறைக்கு சிக்னல் வருவதில்லை. 2,000 ரூபாய்க்குள் எந்த ரவுட்டர் வாங்கலாம்? (தஞ்சாவூர்)

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள் அம்மா, அந்த மோடம் வீட்டில் எங்கே இருக்கிறது? வாசல் கதவுக்கு மேலே, ஒயர் உள்ளே நுழையும் மூலையில்தானே? லைன் போட வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு ஒயர் மிச்சம். உங்களுக்கோ சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது. லைன்மேனைக் கூப்பிட்டு, கூலி கொடுத்தாவது ஹாலின் நடுப்பக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். டிவிக்குப் பின்னால் வேண்டாம், இரும்பு பீரோ மேல் வேண்டவே வேண்டாம்.

மாற்றிய பிறகும் உள் அறையில் எடுக்கவில்லை என்றால் வாங்குங்கள். 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்க வேண்டும், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும். ஏசி1200 என்ற வகை உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும், 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது போதும். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 'என்300' வகையில் 2.4 மட்டும்தான் இருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தடங்கள், 1, 6, 11 என மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பத்து வீட்டு வைஃபையும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்காரும்போது வித்தியாசம் தெரியும்.

கேள்வி: நான்கு ஆன்டெனா நல்லதா, ஆறு ஆன்டெனா நல்லதா? (ஓசூர்)

பதில்: ஆன்டெனாவை எண்ணி ரவுட்டர் வாங்காதீர்கள்.

கேள்வி: போன மாதம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். அதற்காகவே கடையில் 1,700 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கினேன். பெட்டியில் '1200 எம்பிபிஎஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. "300 லைனுக்கு இது தாராளம்" என்றார் கடைக்காரர். ஆனால் ரவுட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் ஸ்பீடு 93-ஐத் தாண்டவில்லை. இன்டர்நெட் கம்பெனி ரவுட்டரைக் குறை சொல்கிறது, கடைக்காரர் லைனைக் குறை சொல்கிறார். நான் யாரை நம்புவது? (திருச்சி)

பதில்: இந்த 93 என்ற எண்ணை எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். சில சமயம் 92, சில சமயம் 94. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் 'வேன் போர்ட் 10/100' என்று இருக்கும். ரவுட்டருக்குள் இன்டர்நெட் நுழையும் வாசல் அதுதான். அந்த வாசல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாது. தகவலைக் கட்டி அனுப்பும் செலவு கொஞ்சம் போக, கையில் வருவது 93, 94. நீங்கள் 300 பிளான் போட்டாலும் 500 பிளான் போட்டாலும் இதே கதைதான்.

அப்புறம் அந்த 1200 எங்கிருந்து வந்தது? 2.4 அலைவரிசையில் ஏட்டளவில் 300, 5 அலைவரிசையில் ஏட்டளவில் 867. இரண்டையும் கூட்டி, 1167-ஐ 1200 ஆக்கிவிட்டார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் சேரும். ஆக 1200 என்ற வேகத்தை அந்த ரவுட்டரில் எந்தப் போனும் எந்த நாளும் பார்க்கப் போவதில்லை. 867 கூட ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள ஏட்டு வேகம், கைக்கு வருவது அதைவிட நன்றாகக் குறையும். அப்படியிருந்தும் 300-ஐத் தாங்கும் அளவுக்கு அந்த 5 அலைவரிசையில் தெம்பு இருக்கிறது. வாசலைச் சின்னதாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வீடுகளுக்கு 20, 40 எம்பிபிஎஸ் வந்த காலத்தில் 100 போர்ட் யாரையும் பாதிக்கவில்லை. இன்றைக்குச் சின்ன ஊர்களிலும் 200, 300 பிளான் விற்கிறார்கள். ரவுட்டர் கம்பெனிகள் இன்னமும் 100 போர்ட் வைத்து, முன்பக்கத்தில் 1200 என்று அச்சடிக்கின்றன. பின்பக்கம் போட்டிருக்கிறோமே என்பார்கள். நாலாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கி, மீதியில் ரவுட்டர் வாங்க வருகிற மனிதர் 'பத்து பை நூறு' என்றால் என்ன என்று எங்கே போய்ப் படிப்பார்? முன்பக்கத்தில் 1200 எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் போர்ட்டின் வேகமும் இருக்க வேண்டும். அப்படி ஒரு விதி வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இனி உங்கள் வேலை. பெட்டியில் 10/100 என்று இருந்தால் குறை ரவுட்டரில்தான், சந்தேகமே இல்லை. 10/100/1000 என்றோ 'ஜிகாபிட்' என்றோ (அதாவது 1000 வரை விடும் வாசல்) இருந்தால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு கேபிளின் எட்டு கம்பியும் வேண்டும், நூறுக்கு நான்கு கம்பியே போதும். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் வேகம் நூறில் நின்றுவிடும்.

10/100 தான் என்றால், பில்லோடு கடைக்குப் போங்கள். "300 லைனுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன், நீங்கள் தாராளம் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கட்டி ஜிகாபிட் போர்ட் உள்ளதாக மாற்றிக் கேளுங்கள். உங்கள் மேல் தவறு இல்லை. நீங்கள் கேட்டுத்தான் வாங்கினீர்கள்.

கேள்வி: 40 எம்பிபிஎஸ் லைன். 14,000 ரூபாய்க்கு கேமிங் ரவுட்டர் வாங்கினேன். ஸ்பீடு ஏறவே இல்லை, ஏன்? (கோயம்புத்தூர்)

பதில்: லைனில் 40 தான் வருகிறது. ரவுட்டரால் அதை அதிகமாக்க முடியாது. வாங்குவதற்கு முன் எழுதியிருக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். பேத்தி படிப்புக்காக பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 1,450 ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கினேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் 18 சதவீதம் கூட ஆகும்" என்றார். பன்னிரண்டாம் நாள் லைட்டே எரியவில்லை. எடுத்துக்கொண்டு போனால், "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம், பில்லும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஏமாந்துவிட்டேனா ஐயா? (அறந்தாங்கி)

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் அம்மா, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணமும் இன்னும் போய்விடவில்லை.

பில் கொடுக்காமல் இருப்பதே தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் பன்னிரண்டாம் நாளே போய்விட்டீர்கள். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் பில்லுக்கென்று ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது.

போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைப் படம் எடுத்து வையுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் ரவுட்டரின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு வேறாக இருந்தால், பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் படம் எடுங்கள். ஒன்றாகவே இருந்தால் தயாரித்த கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பேசுங்கள். சில கம்பெனிகள் சீரியல் எண்ணை வைத்தே வாரண்டியைப் பார்த்துவிடுவார்கள், கடைக்காரர் தயவு தேவைப்படாது.

அதுவும் சரிவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு இன்னொரு முறை கடைக்குப் போங்கள். இந்த முறை தனியாகப் போக வேண்டாம், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். என்ன ஆயிற்று என்று எனக்குக் கண்டிப்பாக எழுதுங்கள்.

கேள்வி: வைஃபை 7 வாங்கலாமா? (மதுரை)

பதில்: அது புதிய தலைமுறை வைஃபை. உங்கள் போனில் வைஃபை 7 இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: ரவுட்டர் கீழ் வீட்டில். மாடியில் மகன் படிக்கும் அறைக்கு எடுக்கவில்லை. எக்ஸ்டெண்டர் வாங்கினால் போதும் என்கிறார்கள். சரியா? (ஈரோடு)

பதில்: நானும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் 1,900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மாடியில் சிக்னல் கோடு முழுதாகக் காட்டியது. ஆனால் வீடியோ வகுப்பு நின்று நின்றுதான் ஓடியது. எக்ஸ்டெண்டர் கீழிருந்து வருவதைக் காதில் வாங்கி, அதே அலைவரிசையில் திரும்பச் சொல்கிறது. கேட்பதும் சொல்வதும் ஒரே வாயில் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதுவும் அதை நான் சிக்னல் சரியாக எட்டாத மாடி அறையில் சொருகியிருந்தேன். அங்கே அதற்கே சரியாகக் கேட்கவில்லை. பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருக்க வேண்டும். அங்கே பிளக் பாயின்ட் இல்லை. இன்றைக்கும் அது பரணில்தான் கிடக்கிறது.

நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கீழிருந்து மாடிக்கு ஒரு 'கேட்6' வகை நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். முழுச் செம்புக் கம்பி வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும், விலை குறைவு, நாளாவட்டத்தில் தொந்தரவு கொடுக்கும். 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது. மாடியில் உங்களிடம் கிடக்கும் பழைய ரவுட்டரையே 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் முறையில், போட்டால் போதும். கீழே உள்ள அதே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள். மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும்.

கேள்வி: ஆஃபரில் 799-க்கு வந்தது என்று ஆன்லைனில் ரவுட்டர் வாங்கினேன். ஃபைபர் ஒயரைச் சொருக இடமே இல்லை. டெலிபோன் ஒயர் ஓட்டைதான் இருக்கிறது. இருபது நாள் கழித்துத்தான் பெட்டியைப் பிரித்தேன், ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (கடலூர்)

பதில்: போட முடியாது. அது டெலிபோன் லைனில் வந்த பழைய பிராட்பேண்டுக்கான ஏடிஎஸ்எல் ரவுட்டர். ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்திருக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, பெட்டியை இருபது நாள் பிரிக்காமல் வைத்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? வந்த அன்றே பிரித்துப் பாருங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

ஒரு வழி மட்டும் இருக்கிறது. ஃபைபர் ஒயர் எந்தச் சாதாரண ரவுட்டரிலும் நேரடியாகச் சேராது, இன்டர்நெட் கம்பெனியின் பெட்டியில்தான் முடியும். அங்கிருந்து லேன் கேபிள் ஒன்றில்தான் உங்கள் ரவுட்டருக்கு வர வேண்டும். சில ஏடிஎஸ்எல் ரவுட்டர்களில் வீட்டுச் சாதனங்களுக்கான ஒரு லேன் போர்ட்டை இன்டர்நெட் நுழையும் வேன் போர்ட்டாக மாற்றும் வசதி செட்டிங்கில் உண்டு. இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 799 போனதுதான்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கரண்ட் போனால் மீட்டிங் அறுந்துவிடுகிறது. ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் ரவுட்டர் அடாப்டரின் முதுகில் உள்ளதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 12 வோல்ட் என்றால் 12, 9 என்றால் 9. வோல்ட் மாறக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐச் சொருகினால் எரிந்துவிடலாம். ஆம்பியர் மட்டும் அடாப்டரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டால் வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது.

கேள்வி: கல்லூரி மாணவன். நண்பர்கள் நான்கு பேர் ஒரே அறையில். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 450 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் டூயல் பேண்ட் ரவுட்டர் தருகிறார்கள். வாங்கலாமா? (சென்னை)

பதில்: ஒரே அறைக்கு அது போதும் தம்பி. ஏதாவது இன்டர்நெட் கம்பெனியின் பெயர் அச்சடித்த பெட்டி என்றால் மட்டும் வேண்டாம், வேறு லைனில் வேலை செய்யாமல் பூட்டியிருப்பார்கள். அதன் சொந்த அடாப்டரோடு கேளுங்கள். ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, பழையவர் வைத்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே கரண்டில் போட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் உங்கள் போனில் தெரிகிறதா என்று பாருங்கள்.