குயின் எலிசபெத் 2 கப்பலில் ஓர் இரவு: அறையைப் பார்த்து எடுங்கள்

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குத் திருகோணமலை உவர்மலையில் இருந்து சார்ஜாவில் வேலை செய்யும் தம்பியிடம் போகிறோம். நாங்கள் இருவர், முழங்கால் வலியுள்ள அம்மா, 9 வயது மகன், 3 வயது மகள். தம்பியின் காரில் ஊர் சுற்றுவதாகத் திட்டம். டுபாயில் நிற்கும் பழைய குயின் எலிசபெத் 2 கப்பலில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று மகன் கேட்கிறான். அம்மாவுக்குப் படகில் ஏறினாலே தலைசுற்றும். இது சரிவருமா?

பதில்: சரிவரும். அந்தக் கப்பல் இப்போது ஓடுவதில்லை. 2008இல் டுபாய்க்கு வந்து சேர்ந்து, 2018இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. ராஷித் துறைமுகத்தின் உள்ளே, அலை அடிக்காத இடத்தில் கரையோடு கட்டப்பட்டு நிற்கிறது. ஆகவே ஆட்டம் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் வேறொன்று உண்டு. கடலில் ஓடுவதற்காகக் கட்டிய கப்பல்களில் தளம் நடுவில் தாழ்ந்து, முன்னும் பின்னும் மெல்ல மேலேறும். நீண்ட நடைபாதையில் நிற்கும்போது தரை தூரத்தில் உயர்வது கண்ணுக்குத் தெரியும். உடலோ அசைவை உணராது. சிலருக்குத் தலை கிறுகிறுப்பது இதனால்தான். கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் இந்த ஏற்றம் மிகக் குறைவு.

அம்மாவின் முழங்காலுக்கும் அதுவே நல்லது. கப்பலின் நீளம் ஏறக்குறைய 293 மீற்றர். லிப்டுக்குத் தொலைவில் அறை கிடைத்தால், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு தெருவே நடக்க வேண்டிவரும். பதிவு செய்யும்போதே "கப்பலின் நடுவில், லிப்டுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்த இரண்டு அறைகள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து பேரையும் ஓர் அறைக்குள் அடைக்க எண்ண வேண்டாம். பழைய பயணிகள் அறைகளின் சுவர்களைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்கள். மேலதிகக் கட்டில் போட்டால் நடக்க வழியிருக்காது. மலிவான அறை என்றால் வட்டச் சன்னலும் குறைந்த வெளிச்சமும்தான் என்று எதிர்பாருங்கள். வெளித் தளத்துக்குப் போகும் கதவுகளின் கீழே, தண்ணீர் உள்ளே வராதபடி உயர்ந்த வாசற்படி இருக்கும். குளியலறை வாசலிலும் படி இருக்கலாம். அம்மாவையும் சின்னவளையும் அங்கே கைபிடித்துத் தாண்ட வையுங்கள்.

எந்த நாளில் தங்குவது? விமானத்தால் இறங்கிய அன்று இரவு மட்டும் வேண்டாம். காசு கொடுத்துத் தூங்குவதாக முடியும். இரண்டு மூன்று நாள் கழித்து, பெரிய பெட்டிகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சிறு பையோடு போங்கள். டிசம்பர் 31ஐத் தவிருங்கள், அன்று விலையும் கூட்டமும் ஏறும். பெரியவர்கள் எல்லாருடைய கடவுச்சீட்டும் பிள்ளைகளுடையதும் தேவை. அறை வாடகைக்கு மேலே சுற்றுலாக் கட்டணம் அறைக்கும் இரவுக்கும் தனியாக வரும். முற்பணத்துக்கு அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். இலங்கை வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும்.

கார் விடயத்தில்தான் உங்கள் திட்டம் இடிக்கிறது. தம்பியோடு நீங்கள் ஆறு பேர்; சாதாரணக் காரில் ஐந்து பேருக்குத்தான் இடம். மகளை மடியில் வைக்க முடியாது: அந்நாட்டுச் சட்டப்படி 4 வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். 10 வயதுக்குக் குறைந்தவர் முன்னால் அமரவும் கூடாது, ஆகவே மகனும் பின்னால்தான். ஏழு இருக்கை வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தம்பியே ஓட்டட்டும். அம்மாவை முன்னால் வையுங்கள், மூன்றாம் வரிசையில் முழங்கால் மடங்காது. அந்த வரிசையை நிமிர்த்தினால் பின்னால் சாமான் இடமும் போய்விடும். சிறு பை என்று சொன்னதற்கு இதுவும் காரணம். நீங்களும் ஓட்ட வேண்டுமானால் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சார்ஜாவில் இருந்து டுபாய்க்கு வரும் பாதை காலையில் அடைத்து நிற்கும். 11 மணிக்குப் பின் புறப்படுவது நல்லது.

கப்பலில் அன்று மாலையை முழுதாக ஒதுக்குங்கள். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் ஏற்பாட்டைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், மகனுக்கு அதுதான் விருந்து. 1967இல் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் நீரில் இறக்கிய கப்பல் இது. 1969இல் முதல் பயணம். 1982இல் பிரிட்டனும் ஆர்ஜென்டீனாவும் மோதிய போக்லாந்து போருக்குப் பிரிட்டிஷ் படையினரை ஏற்றிச் சென்றது. அதன் நீராவி இயந்திரங்களை 1986-87இல் ஜெர்மனியில் கழற்றி, ஒன்பது டீசல் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். நம் துறைமுகத்தில் கப்பல் பார்த்து வளர்ந்த பிள்ளை இதைக் கேட்டுவிட்டுப் போனால், வழிகாட்டியிடம் நல்ல கேள்விகள் கேட்பான். இரவில் மேல்தளத்தில் குளிர்காற்று வீசும். அம்மாவுக்குச் சால்வை எடுங்கள்.

மறுநாள் சார்ஜாவையும் கிழக்குக் கரை ஊரான கோர்பக்கானையும் இணைக்கும் சாலையில் போய்வாருங்கள்: 2019இல் திறந்தது, 89 கிலோமீற்றர், மலைக்குள் ஐந்து சுரங்கப்பாதைகள். அம்மாவும் இருந்தபடியே பார்க்கலாம்.

கட்டுநாயக்கா போகும் நாளில், கந்தளாய் – ஹபரணை வழியை இருட்டுமுன் தாண்டிவிடுங்கள். அங்கே யானைகள் வீதியைக் கடக்கும். டிசம்பர் மழையில் வீதி நீரில் மூழ்குவதும் உண்டு என்பதால், விமான நேரத்துக்கு முன் வழக்கத்தைவிட 3 மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.