கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பம், கூடவே ஓவியமுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர விண்ணப்பிக்கிறாள். சிறு வயதிலிருந்தே ஓவியம் கற்றவள். தன் ஓவியங்களின் தொகுப்பை (ஆர்ட் போர்ட்ஃபோலியோ) சேர்த்து அனுப்பலாமா? – வாசகி, கோவை

பதில்: முதலில், வாங்கிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். எந்தப் பிரிவில் சேர விரும்பினாலும் போர்ட்ஃபோலியோ அனுப்ப எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களிலோ பொறியியல் விண்ணப்பத்தோடு ஓவியங்களை இணைக்க வழியே இல்லை.

அனுப்பினால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் முக்கியம். பல இடங்களில் ஓவியத் துறை ஆசிரியர்கள் பார்த்து, அட்மிஷன் அலுவலகத்துக்குக் கருத்து எழுதுவார்கள். ‘கம்ப்யூட்டர் மாணவிதானே’ என்ற சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். நடிகர்களின் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைந்த பென்சில் படங்கள் உறவினர்களிடம் கைதட்டல் வாங்கும்; அந்த ஆசிரியர்களிடம் எடுபடாது. நேரில் பார்த்து வரைந்தவை, சொந்தக் கற்பனை என்று தேறுபவை ஐந்தாறுகூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அப்படி விட்டாலும் ஓவியம் வீணாகாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் 10 செயல்பாடுகளை எழுதலாம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. அதை விவரத்தில் திரும்ப எழுதாமல் கண்காட்சி, சுவரோவியம், சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் என்று நடந்ததை எழுதட்டும்.

கேள்வி: கையில் 25 படங்கள் இருக்கின்றன, அவற்றில் 6 தஞ்சாவூர் ஓவியங்கள். எதை வைப்பது, எதை விடுவது? – மாணவர், திருச்சி

பதில்: எம்ஐடி கேட்பது 10 படங்கள். மற்ற இடங்களில் எண்ணிக்கை மாறும். பெரும்பாலும் அது உச்சவரம்புதான்; நிரப்பியே தீர வேண்டுமென்பதில்லை. கடைசியில் சேர்த்த இரண்டு சுமாரான படங்களே மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். சிறந்ததை முதலிலும் அடுத்த சிறந்ததைக் கடைசியிலும் வையுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் கோட்டுப்படத்தை டிரேஸ் எடுத்திருந்தால் ஒன்று போதும். விளக்கத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்: உருவம் மரபு வரைவிலிருந்து எடுத்தது, மக்கு வேலை (சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடாக்குவது), கல் பதித்தல், தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுதல் என் கைவேலை. சொந்த வரைவு என்று காட்டிக்கொண்டால், நாலு கிருஷ்ணர் படம் பார்த்த எவருக்கும் தெரிந்துவிடும். தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விளக்கம் இரண்டு வரி போதும், தத்துவம் வேண்டாம்.

கேள்வி: ஓவியங்களை மொபைலில் படமெடுத்தால் வெள்ளைத் தாள் மஞ்சளாகிறது, தங்கம் கறுப்பாக விழுகிறது. – அதே மாணவர்

பதில்: ஒரு பக்கம் ஜன்னல், தலைக்கு மேல் டியூப்லைட் என்று இரு நிற வெளிச்சம் கலப்பதுதான் முதல் கோளாறு. விளக்குகளை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத மொட்டைமாடி நிழலில் காலை ஒன்பது, பத்து மணிக்கு எடுங்கள். நீலம் தட்டினால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைச் சரிசெய்துகொள்ளலாம்.

தங்க ரேக் கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். உங்கள் கறுப்புச் சட்டையும் மொபைலும் எதிரில் இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும். சட்டகக் கண்ணாடியைக் கழற்றுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றைப் படத்துக்கு எதிரே, மொபைலுக்குப் பக்கத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். பலகையை மெல்லச் சாய்க்கச் சாய்க்க ரேக் பொன்னிறத்துக்கு வரும். அந்த இடத்தில் எடுங்கள்.

மொபைல், ஓவியத்தின் நடுவுக்கு நேராக, இணையாக இருக்கட்டும். கிட்டப்போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் ஜூம் வையுங்கள். சுவரும் தரையும் தெரியாமல் வெட்டுங்கள். பல கல்லூரிகள் பயன்படுத்தும் ஸ்லைடுரூம் தளத்தில் ஒரு படம் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் ஜேபெக்காகச் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பில் விட்டால் எதிர்முனையில் வெளுத்துத் தெரியலாம்.

கேள்வி: எப்போது அனுப்ப வேண்டும்? – வாசகர், மதுரை

பதில்: விண்ணப்பத்தின் கடைசி நாளை நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் வழக்கமான சுற்றுக்கு ஜனவரி 5. கலைத் தொகுப்பு சேர்ப்பவர்களுக்கு டிசம்பர் 5 என்றே பல ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். அந்தந்தக் கல்லூரியின் இந்த வருடப் பக்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடுரூமில் கட்டணமும் இருக்கும், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வசதி இல்லாதவர்கள் தள்ளுபடி கேட்பதானால் கடைசி நாளுக்கு ஓரிரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.