தொண்டு நிறுவனத்துக்கு வெப்சைட்டும் ஆன்லைன் பயிற்சியும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

வியாசர்பாடியில் மாலை டியூஷன் சென்டர் நடத்தும் சிறிய அறக்கட்டளைக்கு ஒரு வெப்சைட் வேண்டும், புதிதாகச் சேரும் தன்னார்வ ஆசிரியர்களுக்கு ஆன்லைன் பயிற்சியும் வேண்டும், இரண்டையும் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிக்கலாம். அதற்கான ப்ளக்இன்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள், நிறைய இருக்கின்றன. ஆனாலும் வேண்டாம் என்பேன். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் சில அமைப்புகளுக்கு இந்த வேலை செய்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் அப்டேட் ஆகும்போது பயிற்சி ப்ளக்இன் மக்கர் பண்ணினால், அன்றைக்கு வெப்சைட்டும் சேர்ந்து படுத்துவிடும். நன்கொடை தருபவர் பார்க்கும் பக்கமும், ஆசிரியர் லாகின் செய்யும் இடமும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

வெப்சைட்டைப் பொறுத்தவரை, அதை யார் புதுப்பிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. ஆபீஸில் கணக்கு பார்க்கும் அக்காதான் என்றால், ஐந்தாறு பக்கத்துக்கு கூகுள் சைட்ஸே போதும். செய்திகள், ஆண்டறிக்கை என்று தொடர்ந்து போடுவீர்கள் என்றால் வேர்ட்பிரஸ். விக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஆனால் நாளைக்கு வேறு இடத்துக்கு மாற நினைத்தால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வர முடியாது, திரும்பக் கட்ட வேண்டும்.

எதை எடுத்தாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அறக்கட்டளையின் பெயரில், அறக்கட்டளையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் தளம் செய்து கொடுத்த கல்லூரித் தம்பி, தன் சொந்த ஐடியில் டொமைன் வாங்கியிருந்தான். வேலை கிடைத்து வெளிநாடு போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவன் பார்க்காத பெட்டிக்குப் போக, ஒருநாள் தளமே காணோம்.

அப்புறம், பழைய நோட்டீஸ், பாடக்குறிப்பெல்லாம் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பீர்கள். எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றாமல் ஏற்றினால் போனில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. தளம் கட்டுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

பயிற்சிக்கு வருவோம். ஆண்டுக்கு இருபது முப்பது பேர்தான் சேர்கிறார்கள் என்றால் மூடுல் என்ற ஆன்லைன் பயிற்சி மென்பொருள் வேண்டவே வேண்டாம். யூடியூபில் அன்லிஸ்டட் (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடிய) வீடியோ, முடிவில் ஒரு கூகுள் ஃபார்ம், இணைப்பு அனுப்ப வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். நேரடி வகுப்பைக் கேள்வி பதிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் எந்தப் பாடத்தை முடித்தார், யாருக்குச் சான்றிதழ் தரலாம் என்று கணக்கு வைக்கவேண்டிய அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டால் மூடுல்தான் என் தேர்வு. 2002இலிருந்து இருக்கும் திறந்தமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. அதன் மொபைல் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். உங்கள் தன்னார்வலர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகளாக இருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும், அவர்களுக்கு இது பெரிய உதவி. ஒன்றைக் கவனியுங்கள்: பாடத்தில் பதித்த யூடியூப் வீடியோ இப்படி இறங்காது. பிடிஎஃப், ஆடியோ, சிறிய வீடியோ கோப்பு என்று நேரடியாக ஏற்ற வேண்டும்.

செலவு மிச்சம் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே மூடுலை நிறுவச் சொல்லி யாராவது வருவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியும். வெளியே ஹோஸ்டிங், அதாவது வாடகை சர்வர் இடம், எடுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடுமா என்று கேளுங்கள். அது ஓடாவிட்டால் மூடுல் அனுப்பவேண்டிய அறிவிப்பு மெயில்கள் போகாது. பேக்கப்பை நாமே இறக்கிக்கொள்ள முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.