சின்ன ஆம்ப் மறைத்த தவறுகள்

கேள்வி: எட்டு மாதமாக எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். வேலையெல்லாம் முடிந்து, குழந்தை தூங்கிய பிறகுதான் வாசிக்க நேரம் கிடைக்கிறது. அதனால் பேட்டரியில் ஓடும் உள்ளங்கை அளவு ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். அதன் சத்தம் கொசு பாடுவதுபோல் மெலிந்து இருந்தது. ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினையும், எதிரொலி சேர்க்கும் ரிவெர்பையும் ஏற்றி வைத்துக்கொண்டேன், கேட்க நன்றாகவே இருந்தது. போன வாரம் நண்பர் வீட்டில் ஒரு பெரிய ஆம்பில் அதே பாடத்தை வாசித்தேன். அவர் கெயினைக் குறைத்து கரகரப்பில்லாத கிளீன் டோனில் வைத்திருந்தார். நான் தொடாத தந்திகள் எல்லாம் கூடவே முழங்கின. ஒரு ஸ்வரம் பலமாக விழுந்தது, அடுத்தது காதிலேயே விழவில்லை. கூனிக் குறுகிவிட்டேன். இரவில் ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது. எட்டு மாதப் பயிற்சி வீணா? பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீணாகவில்லை. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். விரல்கள் இடம் பழகிவிட்டன, பாடம் மனதில் நிற்கிறது. அதெல்லாம் எங்கேயும் போகாது. ஆனால் உங்கள் கை என்ன செய்கிறது என்பதை எட்டு மாதமாக நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. நண்பர் வீட்டில்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். அது வலிக்கத்தான் செய்யும். நானும் ஒரு வாடகை அறையில், ஒன்பது வோல்ட் பேட்டரி போட்ட குட்டி ஆம்பில் இரண்டு வருடம் வாசித்துவிட்டு, வெளியே போய் இதே அதிர்ச்சியை வாங்கியவன்.

சத்தம் ஏன் மெலிந்து கேட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு சுமார் 82 ஹெர்ட்ஸ். உள்ளங்கை ஆம்பில் இருக்கும் இரண்டு மூன்று அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. அந்த ஸ்வரத்தின் மேல் அதிர்வுகள் மட்டும் வெளியே வருகின்றன. அவற்றை வைத்து நம் காது மிச்சத்தை ஊகித்துக்கொள்வதால் என்ன ஸ்வரம் என்பது புரிகிறது, கனம் மட்டும் இருப்பதில்லை. இதில் உங்கள் கையின் குற்றம் எதுவும் இல்லை.

அந்தக் கனத்தைக் கெயினால் வரவழைக்கப் பார்த்தீர்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் கெயினை ஏற்றும்போது ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் வெட்டுப்பட்ட பிறகு கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் வந்து நிற்கும். உங்கள் வலது கை ஒரு ஸ்வரத்தைப் பலமாகவும் அடுத்ததை நோஞ்சானாகவும் அடித்தபோதெல்லாம் ஆம்ப் இரண்டையும் சமன் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தது. கிளீன் டோனில் அந்தச் சமன் இல்லை, அதனால் ஏற்றத்தாழ்வு அப்படியே வெளியே வந்தது. தொடாத தந்திகளின் கதை வேறு. அங்கே முழங்கியவை பெரும்பாலும் தாழ்ந்த தந்திகளாக இருந்திருக்கும். உங்கள் வீட்டிலும் அவை முழங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அதை வெளியே சொல்ல முடியவில்லை, மிச்சம் கேட்டதை ரிவெர்ப் மூடிவிட்டது.

சரி, இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று. ரிவெர்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கெயினைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மெல்ல மீட்டினால் சுத்தமாகவும், நன்றாக ஓங்கி மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரப்பாகவும் வரும் ஒரு இடம் இருக்கும். அங்கே நிறுத்துங்கள். பிறகு வால்யூமை மட்டும் வைத்துச் சத்தத்தைச் சரிசெய்யுங்கள். முதல் சில நாள் கேட்கவே பிடிக்காது, பழைய இடத்துக்குத் திருப்பக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து திருப்பாதீர்கள்.

மெலிவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. இப்போது ஆம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தரையில், உங்கள் முழங்காலைப் பார்த்தபடி என்றால் அதை எடுத்து மேசை மேல், சுவரை ஒட்டி, முகப்பு உங்கள் காதைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் போகும் குணம் உள்ளவை. ஸ்பீக்கர் காதைப் பார்த்தால்தான் பிக் (மீட்டும் சில்லு) தந்தியில் படும் அந்தக் கூர்மை தெரியும். தாழ்ந்த ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அவை திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு சுவர் சேரும் மூலை இன்னும் நல்லது. அப்புறம், கிட்டார் கேபிளை கிட்டாருக்கென்றே உள்ள ஜாக்கில்தான் செருகியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பாட்டுக்கான ஆக்ஸ் துளையில் கன்வெர்ட்டர் போட்டு மாட்டினாலும் இதே மாதிரி சோகையாகத்தான் கேட்கும்.

ப்ளூடூத் விஷயத்தில் உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் நீங்கள் மீட்டிய ஒலி காதுக்கு வர 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை ஆகலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி செகண்ட். அதாவது ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குக் கை போன பிறகுதான் முதல் ஸ்வரமே கேட்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. நேரில் ஆம்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்றால்கூட ஒலி வந்து சேர ஒன்பது மில்லி செகண்ட்தான் ஆகும். அதனால் கிட்டாரைக் கேட்பதற்கு வயர் உள்ள ஹெட்ஃபோன் மட்டும். ஆனால் கூடவே வாசிப்பதற்கான பாட்டைப் போனிலிருந்து ப்ளூடூத்தில் ஆம்புக்கு அனுப்பலாம், தவறில்லை. பாட்டு எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்ததைக் கேட்டுத்தானே நீங்கள் வாசிக்கிறீர்கள்.

வயர் ஹெட்ஃபோனை இரவுத் துணை என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் ஆம்பின் ஸ்பீக்கர் விழுங்கும் தாழ்ந்த ஒலியை ஒரு சாதாரண ஹெட்ஃபோன் நன்றாகவே கொடுத்துவிடும். நண்பர் வீட்டில் கேட்ட அந்த முழக்கத்தை உங்கள் வீட்டிலேயே பிடிக்கலாம். நான்கு ஸ்வரம் வாசியுங்கள். டக்கென்று நிறுத்துங்கள், கையை எடுக்காமல். என்ன மிச்சம் கேட்கிறது? ஏதாவது ஊம் என்று ஓடிக்கொண்டிருந்தால் அது எந்தத் தந்தி என்று தேடுங்கள். நீங்கள் வாசிப்பதைவிடத் தடித்த தந்தி என்றால் வலது உள்ளங்கையின் ஓரம் அதன் மேல் லேசாக அமர்ந்திருக்க வேண்டும். மெல்லிய தந்தி என்றால் இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி சற்றுப் படுத்து அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. இதைத் தினமும் பத்து நிமிடம், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துச் செய்யுங்கள். எட்டு மாதத்தில் விட்டுப்போன பாடம் என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

ஹெட்ஃபோனில் ஒரு எச்சரிக்கை, காது போனால் திரும்பி வராது. வேலையிட ஒலிக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் ஓர் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94இல் ஒரு மணி நேரம்தான். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டுங்கள், பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

இப்படியெல்லாம் சிரமப்படுவதற்கு ஆம்பே இல்லாமல் வாசித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் போதாமல் கை தன்னால் ஓங்கி அடிக்கப் பழகும், அதைப் பிறகு கழற்றுவது பெரும்பாடு. குறைந்த சத்தத்தில் ஒரு குட்டி ஆம்ப் எவ்வளவோ மேல். அவற்றை விளையாட்டுச் சாமானாக நினைக்கவும் வேண்டாம். 1973இல் வெளிவந்த பிக்னோஸ் ஆம்பில் ஐந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான், ஆறு சின்ன பேட்டரியில் ஓடும். அதை ஸ்டுடியோவில் வைத்து ஒலிப்பதிவே செய்திருக்கிறார்கள்.

பெரிய ஆம்ப்? இப்போது வேண்டாம். என்றாவது வாங்கினால் வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வாட்டுக்குப் பதில் பத்து வாட் வந்தாலும் நம் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். ஸ்பீக்கரின் அகலத்தைப் பாருங்கள். ஆறரை அல்லது எட்டு அங்குலம் இருந்தால் நீங்கள் தேடும் கனம் வந்துவிடும்.

பேட்டரி தீரும் நேரத்தில் கிளீன் டோனும் தானாகக் கரகரக்கும். அன்று கையைத் திட்டாமல் பேட்டரியை மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், பல குட்டி ஆம்புகளில் பிளக் செருகியிருந்தாலே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று நான்கு வாரம் இப்படி வாசித்த பிறகு அதே நண்பர் வீட்டுக்குப் போய், அதே ஆம்பில், அதே கிளீன் டோனில் அதே பாடத்தை வாசியுங்கள். உங்களைச் சமாதானப்படுத்த அவர் கெயினை ஏற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்டுவிட்டு, எந்தத் தந்தி இன்னும் அடங்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.